சுண்டிப் பார்த்து வாங்குங்கள்!

புளியங்குடி, எலுமிச்சைக்குப் பெயர் போன ஊர். மேற்கே மலை. மலையடியில் தோட்டங்கள். சந்தையில் மூட்டை மூட்டையாக எலுமிச்சம்பழம் வந்து இறங்கும். விலை பேசுவார்கள். லாரியில் ஏற்றுவார்கள். கோடையில் விலை ஏறினால் வீட்டில் சிரிப்பு. விலை விழுந்தால் வீட்டில் மவுனம்.

அந்த ஊரில் ஒரு வீடு. அப்பா எலுமிச்சைக் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். மகன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். ஒருநாள் இரவு, சாப்பாடு முடிந்ததும், மகன் தன் செல்போனை அப்பாவிடம் நீட்டுகிறான்.

"அப்பா, இதைக் கொஞ்சம் கேளுங்க."

படத்தில் ஒரு வாலிபர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு இரும்புப் பாத்திரம். அதை விரல்களால் தட்டுகிறார். கோவில் மணியைத் தண்ணீருக்குள் வைத்து அடித்தது போல, இனிமையான நாதம் எழுகிறது.

"நல்லாத்தான் இருக்கு. என்னலே இது?"

"ஹேண்ட்பான், அப்பா. எனக்கு ஒண்ணு வாங்கித் தாங்க."

"என்ன விலை?"

"நல்லது வேணும்னா அறுபதாயிரம் ஆகும்."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "அறுபதாயிரமா! தட்டுறதுக்கு நம்ம வீட்டுலயே சட்டி பானை இருக்கு. போய்ப் படி!" என்றார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா நடுவில் நின்று தவித்தாள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி மட்டும் பேரனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"அது இருக்கட்டும், ஐயா. நீ அதைச் சுண்டிப் பார்த்தியா?"

"செல்போன்ல பார்த்து வாங்குறதை எப்படி ஆச்சி சுண்டிப் பார்க்கிறது?"

"அப்போ, எப்படித்தான் வாங்குவே?"

இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற பேச்சு அல்ல. இசையில் ஆசை வந்த பிள்ளை இருக்கிற எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். வாத்தியத்தின் பெயர் மாறும், விலை மாறும், சண்டை மாறாது. ஆனால் ஆச்சி கேட்ட கேள்வி இருக்கிறதே, அதற்குள்தான் விடை இருக்கிறது.

அது என்ன வாத்தியம்?

இரண்டு வாணலிகளை வாயோடு வாய் வைத்து ஒட்டினால் எப்படி இருக்கும்? ஹேண்ட்பான் அப்படித்தான் இருக்கும். எஃகுத் தகட்டால் ஆனது. குறுக்களவு சுமார் அரை மீட்டர். மடியில் வைத்து, இரண்டு கை விரல்களாலும் தட்டி வாசிக்க வேண்டும். குச்சி வேண்டாம்.

மேல் மூடியின் நடுவில் ஒரு மேடு இருக்கும். அதுதான் ஆதார சுரம். அதைச் சுற்றி வட்டமாக ஏழு அல்லது எட்டுப் பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் ஒரு சுரம். அடிப்பக்கத்தில் ஒரு பெரிய துளை இருக்கும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் "பூம்" என்று ஒரு சத்தம் வருமே, அதுபோல இந்தத் துளைக்குள் அடங்கிய காற்றும் அதிர்ந்து, கார்வை கொடுக்கும்.

செய்பவர் ஒவ்வொரு பள்ளத்தையும் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கிறார். நல்ல வாத்தியத்தில் ஒரு பள்ளத்தைத் தட்டினால் மூன்று ஒலிகள் சேர்ந்து வரும். ச என்ற சுரத்தைத் தட்டினால், கூடவே மேல் ஸ்தாயி ச-வும், அதற்கும் மேலே உள்ள ப-வும் மெல்ல ஒலிக்கும். அதனால்தான் அந்த நாதம் அவ்வளவு நிறைவாக இருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பது எளிய வேலை அல்ல. விலை ஏறுவதற்கு அதுவே முதற்காரணம்.

கடத்தில் இருந்து பிறந்த கதை

இந்த வாத்தியம் பழங்காலத்து வாத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இதற்கு வயது கால் நூற்றாண்டுதான்.

மேற்கிந்தியத் தீவுகளில் ட்ரினிடாட் என்று ஒரு தீவு. அங்கே 1940-ம் ஆண்டுகளில், வேலைக்கு ஆகாத எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல்புறத்தைக் குழியாகத் தட்டி, சுரம் பேசும் வாத்தியம் ஆக்கினார்கள். "ஸ்டீல் பான்" என்று அதற்குப் பெயர். அது உலகம் முழுவதும் பரவியது.

சுவிட்சர்லாந்து நாட்டில் பெர்ன் என்ற நகரம் இருக்கிறது. அங்கே பெலிக்ஸ் ரோனர், சபினா ஷேரர் என்ற இருவர் ஸ்டீல் பான் செய்து வந்தார்கள். 1999-ம் ஆண்டு நவம்பர் மாதம், ரெட்டோ வெபர் என்ற தாள வித்துவான் அவர்களைத் தேடி வந்தார். அவர் கடம் வாசிப்பவர். ஆமாம், தென்னாட்டு மண் கடம்தான்! "இந்தக் கடம் போலக் கையால் வாசிக்கிற வாத்தியம் வேண்டும், ஆனால் எஃகில் வேண்டும், பல சுரங்கள் பேச வேண்டும்" என்பது அவருடைய ஆசை.

ரோனரும் ஷேரரும் இரண்டு எஃகு மூடிகளை ஒன்றாக ஒட்டிப் பார்த்தார்கள். புதிய வாத்தியம் பிறந்தது. அதற்கு "ஹாங்" என்று பெயர் வைத்தார்கள். பெர்ன் நகரத்துப் பேச்சில் அந்தச் சொல்லுக்குக் "கை" என்று பொருள். 2001-ம் ஆண்டு ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் நடந்த இசைக் கருவிச் சந்தையில் அது உலகத்தார் கண்ணில் பட்டது. 2013-ம் ஆண்டோடு அவர்கள் ஹாங் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் மற்ற நாடுகளிலும் பலர் அதுபோலச் செய்யத் தொடங்கினார்கள். அவற்றுக்குத்தான் "ஹேண்ட்பான்" என்ற பொதுப் பெயர் வழங்குகிறது.

புளியங்குடி வாலிபன் ஆசைப்படுவது எங்கோ பிறந்த அதிசயப் பொருள் அல்ல. தமிழ்நாட்டு மண்பானையின் பேரப்பிள்ளை அது! "நம்ம வீட்டுலயே சட்டி பானை இருக்கு" என்று அப்பா கோபத்தில் சொன்னாரே, அந்தச் சொல்லில் அவருக்கே தெரியாத உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது.

இனிப்பும் ஆபத்தும்

ஹேண்ட்பானைக் குறை சொல்வது நியாயம் அல்ல. அதற்கு ஒரு பெரிய குணம் உண்டு. முதல் நாள் தொடுகிறவனுக்கும் அது இனிய நாதம் தரும். வயலினில் முதல் நாள் வருவது கீச்சுக் குரல். நாதஸ்வரத்தில் முதல் நாள் வருவது வெறும் காற்று. ஹேண்ட்பானில் முதல் நாளே பாட்டு வந்தது போல இருக்கும். எந்தப் பள்ளத்தைத் தட்டினாலும் பொருந்தும். ஏனென்றால், ஒன்றோடு ஒன்று பொருந்துகிற சுரங்களை மட்டுமே செய்பவர் பொறுக்கி வைத்திருக்கிறார்.

அந்த இனிப்பே ஆபத்தும் ஆகிறது.

எதைத் தட்டினாலும் நன்றாக இருந்தால், காதுக்கு வேலை இல்லை. தாளம் தவறினாலும் வாசிப்பவனுக்குத் தெரியாது. முதல் மாதம் வீடே மயங்கிக் கேட்கும். மூன்றாம் மாதம் அதே நான்கு தட்டல்கள் திரும்பத் திரும்ப வரும். ஆறாம் மாதம் வாத்தியம் அலமாரிக்கு மேலே போகும். அறுபதாயிரம் ரூபாய் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவுக்குக் கோபம், மகனுக்கு வெட்கம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் இசை என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். பணம் போனால் திரும்ப வரும். அந்த வெட்கம்தான் பெரிய நஷ்டம்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஹேண்ட்பானில் உள்ள சுரங்கள் மாறாதவை. ஆர்மோனியத்தில் பன்னிரண்டு சுரங்களும் இருக்கும். எந்த ராகத்தையும் தொட்டுப் பார்க்கலாம். ஹேண்ட்பானில் ஒரு வரிசைச் சுரங்கள்தான் இருக்கும். வாங்கும்போது எந்த வரிசையோ, அதுதான் கடைசிவரை. எந்த வரிசை தனக்கு வேண்டும் என்று தெரியாதவன் வாங்கினால், இருட்டில் துணி எடுத்த கதைதான்.

முதலில் கடம்; பிறகு ஹேண்ட்பான்

ஆகவே, கையால் தட்டி நாதம் எழுப்ப ஆசைப்படும் பிள்ளைக்கு முதல் வாத்தியமாக வாங்கித் தரவேண்டியது கடம்தான். ஒரு வருஷம் கடத்தில் கை பழகட்டும். காது திறக்கட்டும். அதன் பிறகும் ஆசை நிலைத்தால், ஹேண்ட்பான் வாங்கித் தருவது வீண் செலவு ஆகாது.

இதற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம், கடம் பொய் சொல்லாது. சரியான இடத்தில் சரியான விரல் விழுந்தால் பேசும். தவறினால் வெறும் பானைதான். வாசிப்பவனின் குறையை அது மூடி மறைப்பதில்லை. வயிற்றோடு வாயை அணைத்து வைத்து, விரல், உள்ளங்கை, மணிக்கட்டு எல்லாவற்றாலும் வாசிக்க வேண்டும். கழுத்தில் தட்டினால் ஒரு ஒலி. நடுவில் தட்டினால் ஒரு ஒலி. வாயை வயிற்றில் அழுத்தித் திறந்தால் அடிக்குரல் "கும்" என்று வரும். ஒரே பானையில் இத்தனை ஒலிகளையும் தேடிக் கண்டுபிடிக்கிற காதுக்கு, எந்த வாத்தியத்தையும் எடை போடத் தெரியும்.

இரண்டாவது காரணம், கடத்தில் தாளம் படியும். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் என்றால் எட்டுத்தான், ஏழரை ஆகாது. இந்தக் கணக்கு கையில் ஏறிய பிள்ளை, பிறகு ஹேண்ட்பானைத் தொட்டால், அது வேடிக்கைப் பொருளாக நிற்காது, வாத்தியமாகப் பேசும்.

மூன்றாவது காரணம், விலை. கடத்தின் விலை, ஹேண்ட்பான் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆசை பாதியில் நின்றுபோனாலும், யாரும் கடனாளி ஆவதில்லை.

பானையின் பெருமை

"பானையைத் தட்டி என்ன பெரிய பெயர் வாங்க முடியும்?" என்று சிலர் கேட்கலாம்.

டி.எச்.விநாயக்ராம் தட்டியது பானையைத்தான். 1942-ம் ஆண்டு பிறந்த அவர், 1970-ம் ஆண்டுகளில் "சக்தி" என்ற இசைக் குழுவில் சேர்ந்து, ஜான் மெக்லாக்லின், ஜாகிர் உசேன், எல்.சங்கர் ஆகியோருடன் உலக மேடைகளில் வாசித்தார். 1991-ம் ஆண்டு வெளிவந்த "பிளானட் டிரம்" என்ற இசைத்தட்டில் அவருடைய கடமும் உண்டு. அந்த இசைத்தட்டு கிராமி விருது பெற்றது. 2014-ம் ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

அவருடைய மாணவி சுகன்யா ராம்கோபால். பெண்கள் கடம் வாசிப்பது வழக்கத்தில் இல்லாத காலத்தில் அவர் அதைக் கையில் எடுத்தார். மண்ணின் கடினம் விரலை நோகடிக்கும். அவர் விடவில்லை. வெவ்வேறு சுருதி உள்ள பல கடங்களைச் சுற்றிலும் வைத்து, அவற்றில் சுரம் சேர்த்து வாசித்துக் காட்டினார். அதற்குக் "கட தரங்கம்" என்று பெயர். பல பானைகள், பல சுரங்கள்! பெர்ன் நகரத்தில் எஃகில் தேடியதைத் தமிழ்ப் பெண் ஒருத்தி மண்ணிலேயே எழுப்பிக் காட்டினாள்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்குக் குடத்தின் ஓசை புதிதா? கோவில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைத்தால், வில்லோடு சேர்த்துக் கட்டியிருப்பது மண்குடம்தானே! உடுக்கை ஒரு பக்கம் பேசும்; குடம் ஒரு பக்கம் பேசும்; விடிய விடியக் கதை நடக்கும். திருநெல்வேலிக்கு அருகே சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம், அந்த வில்லையும் குடத்தையும் வானொலிக்கும் டெலிவிஷனுக்கும் கொண்டுபோனார். 2021-ம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2022-ம் ஆண்டு அவர் காலமானார். புளியங்குடிப் பிள்ளை கடத்தை மடியில் வைத்தால், அவன் காதில் ஏற்கெனவே இருக்கும் ஓசை அது. தாய்மொழியில் படிப்பது போல, அவனுக்கு அது சீக்கிரம் வரும்.

மறுப்புகளும் பதிலும்

இதை மறுத்துப் பேசுவோரும் உண்டு. அவர்கள் சொல்வதையும் கேட்கத்தான் வேண்டும்.

"பிள்ளை ஆசைப்பட்டது ஹேண்ட்பானுக்கு. கையில் கடத்தைக் கொடுத்தால், மாம்பழம் கேட்டவனுக்கு மாங்காய் கொடுத்தது போல ஆகாதா?" என்பது ஒரு மறுப்பு. ஆகும்தான். அதனால்தான் வெறுமனே கொடுக்கக்கூடாது. பேரப்பிள்ளையின் கதையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "நீ கேட்டதை மறுக்கவில்லை. ஒரு வருஷம் இதில் உழைத்துக் காட்டு, பிறகு அது" என்று அப்பா வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். ஏமாற்றுவதற்காகக் கொடுத்த கடம், பரண் மேல்தான் போகும்.

"கடத்துக்கு வாத்தியார் எங்கே கிடைப்பார்?" என்பது இன்னொரு மறுப்பு. சிற்றூர்களில் கடம் வாத்தியார் கிடைப்பது அரிதுதான். ஆனால் கடத்துக்கும் மிருதங்கத்துக்கும் பாடம் ஏறக்குறைய ஒன்றே. தக திமி, தக ஜுணு என்ற சொற்கட்டு இரண்டுக்கும் பொது. மிருதங்கம் தெரிந்தவரிடம் தாளமும் சொற்கட்டும் கற்றுக்கொள்ளலாம். திருநெல்வேலியில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மிருதங்கம் கற்றுத் தருகிறார்கள். விரல் வைக்கும் முறையை மட்டும் கடம் வித்துவான்களின் வீடியோவைப் பார்த்துப் பழகலாம். செல்போன் ஆசையை மட்டும் தருவதில்லை, பாடமும் தரும்.

"ஹேண்ட்பானுக்கு வாத்தியாரே வேண்டாமே!" என்று பையன்கள் சொல்வார்கள். வாத்தியார் வேண்டாத வாத்தியம் உலகத்தில் இல்லை. வாத்தியார் இல்லாததால் எங்கே தவறுகிறோம் என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

கடம் வாங்கும் வகை

கடம் வாங்க வேண்டிய ஊர் மானாமதுரை. சிவகங்கை மாவட்டத்தில், வைகைக் கரையில் இருக்கிறது. சங்கரன்கோவிலில் ரயில் ஏறினால், ராஜபாளையம், விருதுநகர், அருப்புக்கோட்டை வழியாக அங்கே போய்ச் சேர ரயில் பாதை உண்டு. 2023-ம் ஆண்டு மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தண்ணீர்ப் பானை வேறு, கடம் வேறு. சுற்றுவட்டாரத்துக் கண்மாய்களில் எடுக்கும் களிமண்ணைப் பக்குவப்படுத்தி, சக்கரத்தில் வனைந்து, ஈரம் காய்வதற்குள் உள்ளே ஒரு கையால் கல்லைக் கொடுத்து, வெளியே மரத்தட்டால் ஆயிரக்கணக்கான தடவை தட்டுகிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே கனம் வரும்வரை தட்டுகிறார்கள். அந்த வேலையில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி கேசவன் என்ற அம்மையார், சங்கீத நாடக அகாடமியின் விருது பெற்றவர். வாசித்தவருக்கு மட்டும் அல்ல, வனைந்தவருக்கும் விருது!

கடம் வாங்கும்போது ஒன்றை மட்டும் பார்த்து எடுத்து வந்துவிடக்கூடாது. நான்கைந்து கடங்களை வரிசையாக வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கழுத்து, நடு, அடி என்று எல்லா இடத்திலும் சுண்ட வேண்டும். சுற்றிலும் நாதம் ஒரே மாதிரி இருந்தால் நல்ல கடம். ஓரிடத்தில் மட்டும் ஒலி மங்கினால், அங்கே கனம் கூடியிருக்கிறது என்று பொருள். "தொக் தொக்" என்று செத்த ஒலி வந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும்.

கடத்துக்கும் சுருதி உண்டு. அதை எளிதில் மாற்ற முடியாது. வீட்டில் பாடுகிறவர் இருந்தால், அவர் எத்தனை கட்டைச் சுருதியில் பாடுகிறார் என்று தெரிந்துகொண்டு, அதற்கு இசைந்த கடத்தை எடுக்க வேண்டும். சுருதிப் பெட்டியின் ஒலி இப்போது செல்போனிலேயே கிடைக்கிறது. அதை ஒலிக்கவிட்டுக் கடத்தைச் சுண்டிப் பார்த்தால், காதே சொல்லிவிடும்.

ஹேண்ட்பான் வாங்கும் வகை

ஒரு வருஷம் ஆயிற்று. பிள்ளை விடாமல் வாசித்தான். ஆசையும் குறையவில்லை. இப்போது ஹேண்ட்பான் வாங்கலாம். எதைப் பார்த்து வாங்குவது?

முதலில், அது ஹேண்ட்பான்தானா என்று பார்க்க வேண்டும். "டங் டிரம்" என்று வேறொரு வாத்தியம் இருக்கிறது. அதில் இரும்பை நாக்கு நாக்காக அறுத்து விட்டிருப்பார்கள். விலை மிகக் குறைவு. சிறு பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் சில வியாபாரிகள் அதையே ஹேண்ட்பான் என்று சொல்லி விற்கிறார்கள். மேலே அறுத்த கோடுகள் தெரிந்தால், அது டங் டிரம்.

இரண்டாவது, சுர வரிசை. புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது "டி குர்து" என்ற வரிசை. இதன் ஆதாரம் இரண்டு கட்டைச் சுருதி. இதில் உள்ள சுரங்கள் கர்நாடக சங்கீதத்தில் நடபைரவி மேளத்தின் சுரங்கள். சோகமும் இனிமையும் கலந்து இருக்கும். "ஹிஜாஸ்" என்று ஒரு வரிசை உண்டு. அது வகுளாபரண மேளத்தை ஒத்தது. தனக்கு எந்த ராகத்தின் மேல் மனம் போகிறது என்று தெரிந்து கேட்க வேண்டும். ஒரு வருஷம் சுருதிப் பெட்டியோடு பழகிய காதுக்கு இது தெரியும். ராகத்துக்கு உரிய கமகம் ஹேண்ட்பானில் வராது என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். அதில் சுரம் நிற்கும், அசையாது.

மூன்றாவது, சுரங்களின் எண்ணிக்கை. எட்டிலிருந்து பத்து வரை போதும். அடிப்பக்கத்திலும் சுரம் வைத்து, பதினாறு, பதினெட்டு என்று விற்கிறார்கள். கற்றுக்கொள்கிறவனுக்கு அது பாரம், விலையும் பாரம்.

நான்காவது, அளவுச் சுருதி. 440 என்றும் 432 என்றும் இரண்டு விதமாக விற்கிறார்கள். இது ஆதார சுரத்தைக் கணக்கிடும் அளவு. 432-க்கு ஏதேதோ மகிமை உண்டு என்று சொல்வார்கள். அதில் மயங்க வேண்டாம். உலகத்தில் பெரும்பாலான கீபோர்டும் மற்ற வாத்தியங்களும் 440-ல்தான் இருக்கின்றன. நாலு பேரோடு சேர்ந்து வாசிக்க விரும்பினால் 440-ஐயே வாங்க வேண்டும்.

ஐந்தாவது, எஃகின் வகை. நைட்ரஜன் கொடுத்துச் சூட்டில் பதப்படுத்திய எஃகு ஒரு வகை. அதில் நாதம் சீக்கிரம் அடங்கும். வேகமாகத் தாளம் வாசிக்க ஏற்றது. துருப்பிடிக்காத எஃகு மற்றொரு வகை. அதில் நாதம் நீண்டு நிற்கும். நிதானமாக வாசிக்க ஏற்றது. கடம் பழகிய கைக்கு முதல் வகை பிடிக்கலாம். கேட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஆறாவதுதான் முக்கியம். ஆச்சி சொன்னது! முடிந்தால் நேரில் போய்ச் சுண்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்தையும் தனித்தனியே, மெதுவாகத் தட்ட வேண்டும். மெதுவாகத் தட்டும்போதே முழு நாதம் வரவேண்டும். கொஞ்சம் பலமாகத் தட்டினால் சுரம் ஆடக்கூடாது. ஒரு பள்ளத்தைத் தட்டும்போது பக்கத்துப் பள்ளம் கிடந்து கரகரக்கக்கூடாது. நேரில் போக முடியாவிட்டால், அழகான வீடியோவைப் பார்த்து ஏமாறக்கூடாது. "இதே வாத்தியத்தில், ஒவ்வொரு சுரமாகத் தட்டி, பின்னணி இசை இல்லாமல் அனுப்புங்கள்" என்று கேட்க வேண்டும். அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்கவே கூடாது. பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வாரா, சுருதி கலைந்தால் யார் சரிசெய்து தருவார் என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சுருதி கலைந்த ஹேண்ட்பானை உள்ளூர்க் கொல்லரிடம் கொடுத்தால், வாத்தியம் வாணலி ஆகிவிடும்!

விலை, சில பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்துக்கு மேலும் போகிறது. மலிவு என்று வாங்கினால் சுருதி நிற்காது. விலை அதிகம் என்பதாலேயே நல்லது என்றும் சொல்ல முடியாது. காதுதான் நீதிபதி.

வாங்கிய பிறகு பேண வேண்டும். வியர்வையும் ஈரமும் எஃகுக்குப் பகை. எலுமிச்சைச் சாறு அதைவிடப் பெரிய பகை. புளியங்குடிக்காரர்கள் இதை மறக்கக்கூடாது. சந்தையில் பழம் பொறுக்கிய கையோடு ஹேண்ட்பானைத் தொடவே கூடாது. கை கழுவித் துடைத்த பிறகே தொட வேண்டும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக்கூடாது; சூட்டில் ஒட்டும் விடும், சுருதியும் கலையும்.

பணம் யாருடையது?

கடைசியாக ஒரு விஷயம். அதுவே முதல் விஷயமும் ஆகும்.

முதல் வாத்தியத்தைக் கடன் பட்டு வாங்கக்கூடாது. மாதத் தவணையில் வாங்கினால், வாசிக்கும் ஒவ்வொரு நாளும் தவணை நினைவுக்கு வரும். கவலையோடு தட்டும் விரலில் நாதம் எப்படி வரும்?

ஒரு வருஷம் கடம் வாசிக்கிற காலத்திலேயே, வீட்டில் ஒரு உண்டியல் வைக்கலாம். அப்பா மாதாமாதம் முடிந்ததைப் போடட்டும். மகனும் விடுமுறை நாளில் சந்தையில் வேலை பார்த்து, தன் பங்கைப் போடட்டும். தன் உழைப்பும் சேர்ந்த வாத்தியத்தை எந்தப் பிள்ளையும் அலமாரி மேல் தூக்கிப் போட மாட்டான். வருஷக் கடைசியில் மகனுக்கு ஹேண்ட்பான் ஆசை போய்விட்டது என்றால்? நல்லதுதான். உண்டியலில் பணம் இருக்கிறது. கையில் கடம் இருக்கிறது. நஷ்டம் யாருக்கு?

பெற்றோர் செய்யும் பிழை, ஆசையை ஒரே வார்த்தையில் வெட்டுவது. பிள்ளைகள் செய்யும் பிழை, ஆசைப்பட்ட மறுநாளே பொருள் வேண்டும் என்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வருஷம் இருக்கிறது. அந்த ஒரு வருஷத்தைக் கடத்திடம் கொடுத்தால், மகனுக்குக் காது கிடைக்கும். அப்பாவுக்கு நம்பிக்கை கிடைக்கும்.

ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. சுர வரிசை தெரியாது. ஆனால் சந்தையில் பானை வாங்கும்போது, விரலை மடக்கிச் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, பத்துப் பானைகளைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்து வருவாள். அந்தப் பானை பல கோடைக்குத் தண்ணீர் குளிர வைத்துக் கொடுக்கும்.

வாத்தியம் வாங்கும் கலையும் அதுதான். மண்ணோ எஃகோ, நூறோ லட்சமோ, சுண்டிப் பார்த்து வாங்குங்கள்!